சுபாங்கில் இறங்கிய வானத்து யானை

சுபாங் என்ற பெயரைச் சொன்னதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு காட்சி கண்முன் வரும். தோட்டத்து லோரியில் முப்பது பேர் நெருக்கி ஏறிக்கொண்டு, சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலுமாக, சென்னைக்குப் போகும் ஒரே ஓர் உறவினரை வழியனுப்பச் சென்ற காட்சி அது. பயணம் போகிறவர் ஒருவர். அழுகிறவர்கள் இருபத்தொன்பது பேர். விமானம் மேகத்துக்குள் மறைந்து வெகு நேரம் ஆன பிறகும் கையசைத்துக்கொண்டே நிற்பார்கள். பிறகு மீதிச் சோற்றைப் புல்தரையில் அமர்ந்து உண்டுவிட்டு, அடுத்த நாள் பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று லோரி ஏறுவார்கள்.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு விமானம் தெரியாது, கப்பல்தான் தெரியும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கினார்கள். 1973ஆம் ஆண்டுவரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்குகிற பாட்டிமார் இருக்கிறார்கள். மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே மூட்டைகளைப் போலவே வந்து சேர்ந்தவர்கள் நம்மவர்கள். அந்த மக்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, மூட்டை சுமக்கிற விமானம் ஒன்றைப் பார்க்கச் சென்று வந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தோட்டங்களின் நடுவே ஒரு ஓடுபாதை

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கோலாலம்பூருக்கு மேற்கே, சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது சுபாங் விமான நிலையம். சுல்தான் அப்துல் அஜீஸ் ஷா விமான நிலையம் என்பது அதன் இன்றைய முழுப் பெயர். 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதுவரை தலைநகருக்கு விமான நிலையமாக இருந்தது சுங்கை பீசி. பெரிய ஜெட் விமானங்கள் வரத் தொடங்கியதும் அந்த இடம் போதவில்லை. சுபாங்கில் 3,780 மீட்டர் நீளத்தில் ஓடுபாதை போட்டார்கள். நம் பழைய கணக்கில் சொன்னால் இரண்டேகால் மைலுக்கும் சற்று அதிகம். காலையில் ஒரு முனையில் நடக்கத் தொடங்கினால் மறுமுனை சேர முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

அந்நாளில் அதைச் சுற்றிலும் தோட்டங்கள். எல்மினா, கிளென்மேரி, சீபீல்டு என்று எத்தனை பெயர்கள்! இன்று அவையெல்லாம் வீடமைப்புப் பகுதிகளாகவும் பேரங்காடிகளாகவும் மாறிவிட்டன. சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில்தான் சுபாங் ஜெயா நகரம் எழுந்தது. தோட்டம் போய்விட்டது, ஆனால் சீபீல்டு என்ற பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்னும் விடாமல் தூக்கிக்கொண்டிருக்கிறது. பெயரைக் காப்பாற்றுவதும் ஒரு சுமைதூக்கும் வேலைதானே!

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிப்பாங்கில் பெரிய விமான நிலையம் திறந்தார்கள். அதுவும் செம்பனைத் தோட்டங்கள் இருந்த இடமே. பெரிய விமானங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. "சுபாங் இனி அவ்வளவுதான்" என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அது அப்படி உறங்கிவிடவில்லை. விசிறி சுழலும் சிறிய பயணி விமானங்கள் தொடர்ந்து வந்து போயின. விமானங்களைப் பிரித்துப் பழுது பார்க்கிற பட்டறைகள் வளர்ந்தன. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் பயணி ஜெட் விமானங்களும் மீண்டும் இங்கே இறங்கத் தொடங்கின. இவை அனைத்துக்கும் பக்கத்திலேயே அரச மலேசிய ஆகாயப் படையின் தளம் ஒன்றும் இயங்கிவருகிறது. நாங்கள் தேடிச் சென்ற விமானத்தின் வீடு அதுதான்.

ஒன்பது பிள்ளைகளும் ஒரு வேனும்

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆயிற்று. ஆகாயத்தில் அடிக்கடி விமானங்கள் கடந்து போகும். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல் இல்லை. சாம்பல் நிறம், தடித்த உடம்பு, நான்கு விசிறிகள், அடிவயிற்றில் அதிர்வு ஏற்படுத்துகிற ஒரு ரீங்காரம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அதற்கு "யானை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "டீச்சர், யானை எங்கே தூங்கும்?" என்று ஒருவன் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பயணம்.

பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, வாடகை வேனில் ஒன்பது பிள்ளைகளுடன் புறப்பட்டோம். உதவிக்கு இரண்டு பெற்றோர் வந்தார்கள். அவர்களில் ஒருவர், செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவருடைய மகன்தான் யானை தூங்கும் இடத்தைக் கேட்டவன். அன்று ஒரு நாள் வெட்டுக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். தோட்டத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

ஈஜோக்கைக் கடந்து நெடுஞ்சாலையைப் பிடித்து, பிறகு கத்ரி நெடுஞ்சாலையில் திரும்பினோம். கத்ரி என்றால் நம் தாத்தாமாருக்குத் தோட்டக் கம்பெனி; நம் பிள்ளைகளுக்கு அது ஒரு சடக்கின் பெயர். வழியில் எல்மினா என்ற பலகையைக் கண்டதும் வேனுக்குள் சற்று அமைதியாக ஒரு செய்தியைச் சொன்னேன். 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இந்த எல்மினாத் தோட்டத்துக் குன்றில் மோதியது. அதில் இருந்த 79 பேரில் 34 பேர் உயிரிழந்தார்கள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் அதே எல்மினாப் பகுதியில் சிறிய விமானம் ஒன்று சாலையில் விழுந்து, விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் சாலையில் சென்ற இருவரும் மாண்டார்கள். விமானம் என்றால் வேடிக்கை மட்டும் அல்ல. அதைக் கட்டுகிறவர், ஓட்டுகிறவர், பழுது பார்க்கிறவர், வழிகாட்டுகிறவர் என ஒவ்வொருவர் கையிலும் பல உயிர்கள் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

வேலியோரத்தில் காத்திருப்பு

ஓடுபாதையின் ஒரு முனைக்கு அப்பால், பொதுச் சாலையோரம், மரநிழலில் ஒரு தேநீர்க் கடை. அங்கேதான் எங்கள் முகாம். கம்பி வேலியில் சிவப்புப் பலகை தொங்கியது. துப்பாக்கியை நீட்டி நிற்கும் காவலரும், எதிரே கைகளைத் தூக்கி நிற்கும் ஓர் ஆளும் அதில் வரையப்பட்டிருந்தார்கள். தடை செய்யப்பட்ட பகுதி என்பதற்கு எழுத்தே தேவையில்லை, படமே போதும். "வேலியைத் தொடக் கூடாது, தளத்தின் உள்ளே படம் பிடிக்கக் கூடாது, சாலையைத் தாண்டிப் போகக் கூடாது" என்று மூன்று விதிகள் சொன்னேன். வகுப்பறையில் கேட்காத பிள்ளைகள், அந்தப் பலகையைப் பார்த்ததும் ஒழுங்காகக் கேட்டார்கள்!

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். முதலில் வந்தது ஒரு ஏடிஆர் வகைப் பயணி விமானம். எழுபது பேர் அளவில் ஏற்றிச் செல்லும். வேலிக்கு மேலே அது தாழ்ந்து கடந்தபோதே பிள்ளைகள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். பிறகு ஒரு ஹெலிகாப்டர். பிறகு ஒரு ஜெட். பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. நாசி லெமாக் பொட்டலங்கள் காலியாயின. இரண்டு பேருக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கடையில் ஒரு பெரியவர் தே குடித்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சிறு வயதில் இப்பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெற்றோருக்கு மங்கு துடைத்துக் கொடுத்தவராம். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தாத்தா, அப்ப பிளேன் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்ன? காலையில பால் வெட்டுறப்ப தலைக்கு மேல போகும். சத்தம் கேட்டா எல்லாரும் கத்திய நிறுத்திட்டு அண்ணாந்து பார்ப்போம். மண்டோர் வந்து சத்தம் போடுவாரு. அவரும் பாத்துட்டுதான் சத்தம் போடுவாரு!"

எல்லாரும் சிரித்தோம். பெரியவர் தேநீரை ஆற்றிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "ஐம்பது, அறுபது வருசமா பாத்துக்கிட்டே இருந்தோம், டீச்சரம்மா. அதுல ஏறலாம்னும் யாரும் சொல்லல. அதைப் பழுது பாக்கலாம்னும் யாரும் சொல்லல."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

யானை வந்தது

யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பார்கள். அன்றும் அப்படியே. பதினொன்றரை மணி இருக்கும். கடையின் தகரக் கூரை இலேசாக அதிர்ந்தது. மேசையில் இருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று முனகின. தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். மரங்களுக்கு மேலே முதலில் வால் தெரிந்தது. ஒரு பெரிய 'டி' எழுத்தைத் தூக்கி நிறுத்தியது போன்ற வால். பிறகு மூக்கு. திமிங்கிலத்தின் முகம் போல உருண்டு கீழ்நோக்கி வளைந்த மூக்கு. பிறகு இறக்கை, இறக்கை, இறக்கை... முடியவே இல்லை!

"டீச்சர், யானை! யானை!"

எங்கள் தலைக்கு மேலே அது கடந்த அந்தச் சில விநாடிகளில் நிழல் சாலை முழுவதையும் மூடிக்கொண்டது. பக்கவாட்டில் பதினான்கு முனை நட்சத்திர முத்திரை. வால் பக்கம் எம் 54 என்று தொடங்கும் எண். வயிற்றுக்குக் கீழே திரண்டு நின்ற சக்கரங்கள். ஓடுபாதையைத் தொட்டதும் புகை பறந்தது. பிறகு விசிறிகளின் ஓசை மாறி ஓர் உறுமல். அவ்வளவு பெரிய உடம்பு, நீண்ட ஓடுபாதையின் ஒரு பகுதியிலேயே வேகம் தணிந்து, நல்ல பிள்ளையாக நடந்து போனது.

பெரியவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த தேநீர் ஆறிப் போயிருந்தது.

அது என்ன விமானம்?

அதன் பெயர் ஏ400எம். ஏர்பஸ் நிறுவனம் கட்டிய இராணுவச் சரக்கு விமானம். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து போட்ட திட்டம். ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில்தான் பாகங்களை இணைத்து முழு விமானமாக்குகிறார்கள். 2009ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. மலேசியா 2005ஆம் ஆண்டில் நான்கு விமானங்கள் கேட்டது. முதலாவது 2015ஆம் ஆண்டு மார்ச்சில் கிடைத்தது. நான்காவது 2017ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. அந்தத் திட்டத்தில் சேர்ந்த நாடுகளுக்கு வெளியே முதன்முதலில் இவ்விமானத்தைப் பெற்றது நம் நாடுதான். இன்னொன்றும் பெருமைக்குரியது: இதன் பாகங்கள் சில நம் மலாக்காவில் செய்யப்பட்டன.

அளவைச் சொல்கிறேன். நீளம் 45.1 மீட்டர். இறக்கையின் ஒரு நுனி முதல் மறுநுனி வரை 42.4 மீட்டர். உயரம் 14.7 மீட்டர். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கு ஏறாது. செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம் அல்லவா? ஒரு வரிசையில் முதல் மரத்தின் அடியில் வாலை வைத்தால், ஆறாவது மரத்தின் அடியில் மூக்கு இருக்கும். இப்படிச் சொன்னதும் குலை வெட்டுகிறவரின் மகன், "ஆறு மரமா!" என்று வாயைப் பிளந்தான்.

தூக்கும் சுமை 37 டன் வரை. நம் பெண்கள் செம்பனைக் காட்டில் சுமக்கிறார்களே, 50 கிலோ உர மூட்டை, அந்தக் கணக்கில் 740 மூட்டைகள். சுமையும் எண்ணெயும் சேர்ந்து முழு எடையோடு புறப்படும்போது 141 டன். முதலில் பார்த்த ஏடிஆர் விமானத்தைப் போல் ஆறு மடங்கு. ஆட்களை ஏற்றினால் 116 பேர் உட்காரலாம்.

நான்கு எந்திரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11,000 குதிரைச் சக்தி. ஒவ்வொரு விசிறிக்கும் எட்டு இலைகள். ஆக மொத்தம் முப்பத்திரண்டு. அந்த இலைகள் நேராக இல்லாமல், குலை வெட்டும் அரிவாள் போல் நுனியில் வளைந்திருக்கும். வேகமாகச் சுழலும்போது இலை நுனி காற்றை அறைந்து இழக்கும் ஆற்றலை அந்த வளைவு குறைக்கிறது. ஓர் இறக்கையில் இருக்கும் இரண்டு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். எதிரெதிராகச் சுற்றினால் அந்த இழுப்பு அடங்கும்.

"இறக்கை ஏன் டீச்சர் முதுகு மேல இருக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி! சரக்கு விமானத்தின் தரை, நிலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் வால் பக்கக் கதவைச் சாய்வாக இறக்கி, லோரியையே உள்ளே ஓட்டிப் போகலாம். இறக்கை கீழே இருந்தால் உடம்பு மேலே போய்விடும். ஏணி வைத்துச் சரக்கேற்ற வேண்டியிருக்கும். இறக்கை மேலே இருப்பதால் விசிறிகளும் தரையிலிருந்து விலகி நிற்கும். கல்லும் மண்ணும் பறந்து பட்டுச் சேதமாவது குறையும். உடம்பின் இரு பக்கமும் ஆறாறு சக்கரங்கள், மூக்கின் கீழ் இரண்டு. சேற்றுத் தடத்தில் போகிற டிராக்டருக்கு ஏன் அகன்ற சக்கரம் போடுகிறோம்? எடை பரவி நின்றால் மண்ணில் புதையாது. அதே கணக்குத்தான். தார் போடாத மண் ஓடுபாதையிலும் இது இறங்கும், ஏறும். வானத்தில் பறந்தபடியே வேறு விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றவும் வல்லது.

இதற்கு மூத்த அண்ணன் ஒருவனும் இங்கே உண்டு: சி-130 ஹெர்குலிஸ். உலகில் அது முதன்முதலில் பறந்தது 1954ஆம் ஆண்டில். நம் ஆகாயப் படைக்கு வந்தது 1976ஆம் ஆண்டில். அதைவிடப் பெரிய விமானங்களும் உலகில் உள்ளன. எல்லாவற்றிலும் பெரியது உக்ரேன் நாட்டின் அன்டோனோவ் 225. ஆறு எந்திரம், இறக்கை அகலம் 88 மீட்டர், உலகிலேயே ஒன்றுதான் முழுமையாகக் கட்டப்பட்டது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய போரில், தன் சொந்த விமான நிலையத்திலேயே அது அழிந்துபோனது. எத்தனை ஆயிரம் கைகள் சேர்ந்து கட்டியதைச் சில நாளில் எரித்துவிட முடிகிறது!

சுமப்பது எதை?

இராணுவ விமானம் என்றால் பீரங்கியும் குண்டும்தானே என்று தோன்றும். அவற்றையும் சுமக்கக் கட்டப்பட்டதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யானைக்குத் தேர் இழுக்கவும் தெரியும், மரம் இழுக்கவும் தெரியும். 2017ஆம் ஆண்டில் மியன்மாரிலிருந்து ஓடி வந்து வங்காள தேசத்தில் தங்கிய ரோஹிங்யா அகதிகளுக்கு, இந்த ஏ400எம் உணவும் உதவிப் பொருளும் கொண்டுபோனது. கோவிட் தொற்றுக் காலத்தில் சபாவுக்கும் சரவாக்குக்கும் மருத்துவப் பொருட்களைக் கொண்டு சேர்ப்பதில் ஆகாயப் படையின் சரக்கு விமானங்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. 2014ஆம் ஆண்டு எம்எச்370 விமானம் காணாமல் போனபோது, கடலின் மேல் சுற்றிச் சுற்றித் தேடிய விமானங்களில் நம் ஹெர்குலிஸும் ஒன்று. நடுவில் தென்சீனக் கடல் இருக்கிற நாடு நம் நாடு. அவசரத்தில் சுமை தூக்க வானத்தில் ஒரு தோள் வேண்டியிருக்கிறது.

நீல உடுப்பு அணிந்த தம்பி

மதிய உணவு நேரத்தில் நீல வேலை உடுப்பும் எண்ணெய்க் கறை படிந்த காலணியுமாக ஒரு தம்பி கடைக்கு வந்தார். பேச்சில் தமிழ் கேட்டதும் பிள்ளைகள் விடவில்லை. பட்டறையில் விமானங்களைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பராம். பயணி விமானங்கள்தான் அவர் வேலை. பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, இடைநிலைப் பள்ளி என்று நம் பிள்ளைகள் நடக்கிற அதே வழியில் நடந்தவர்.

"கணக்கு, அறிவியல், ஆங்கிலம். இந்த மூணையும் எஸ்.பி.எம்.ல நல்லா செய்யணும். அப்புறம் விமானப் பராமரிப்புப் படிப்பு. வேலை செஞ்சு அனுபவம் சேர்த்து, சோதனை எழுதி உரிமம் வாங்கணும். உரிமம் இருந்தாத்தான் 'இந்த விமானம் பறக்கலாம்'னு கையெழுத்துப் போட முடியும்" என்றார்.

குலை வெட்டுகிற தந்தை அதுவரை ஒன்றும் பேசவில்லை. இப்போது கேட்டார்: "காசு எவ்வளவு ஆகும், தம்பி?"

"தனியார் கல்லூரின்னா நெறைய ஆகும் அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். பி.டி.பி.டி.என். கடன் இருக்கு, ஆனா அது கடன்தான், திருப்பிக் கட்டணும். ஆகாயப் படையில சேர்ந்தா பயிற்சிக் காலத்துலயே அலவன்ஸ் கொடுப்பாங்க. அதுக்கு உடம்பு நல்லா இருக்கணும், எஸ்.பி.எம். இருக்கணும்."

தந்தை சற்று நேரம் வேலியைப் பார்த்தார். பிறகு சொன்னது இது: "தம்பி, எனக்கு வேலை முடிய இன்னும் ஆறு வருசம். வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும். பையன் பேரைத் தோட்டத்துல பதிஞ்சுட்டா வீடு நிக்கும். பெரியவனை அதுக்குத்தான் மூணாம் படிவத்தோட நிறுத்தினேன். அவன் நிக்காம டவுனுக்குப் போயிட்டான். இப்ப இவன்தான்."

அன்பான வாசகர்களே, இந்தக் கணக்கு எத்தனை லயங்களில் எத்தனை இரவுகள் போடப்பட்ட கணக்கு! ஒரு கூரைக்காக ஒரு பிள்ளையின் படிப்பு. அந்தத் தந்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைக்கு மேல் கூரை இல்லாமல் போகும் பயத்தை அனுபவித்தவருக்கே அது தெரியும்.

நீல உடுப்புத் தம்பியும் குறை சொல்லவில்லை. "எங்க அப்பாவுக்கும் இதே கணக்குத்தான், அண்ணே. நான் படிச்ச நாலு வருசமும் அவங்க சித்தப்பா வீட்டு முன்னறையில இருந்தாங்க. கஷ்டம்தான். அம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுவாங்க. இப்ப எங்கூட இருக்காங்க. தோட்டத்து வீடு நமக்கு எப்பவும் இரவல்தான். பையன் கையில இருக்கற தொழில் அவனோடது. யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது" என்றார். அவர் நேரம் முடிந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் வேனில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அந்தத் தந்தை மட்டும் விழித்திருந்தார். ஈஜோக் வரும்போது, "மொத்தம் பதினாலு சக்கரம் டீச்சர். நானும் எண்ணிப் பார்த்தேன்" என்றார். வீட்டைப் பற்றியோ மகனைப் பற்றியோ அவர் எதுவும் முடிவு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு வருடக் கணக்கை ஆறு மணி நேரத்தில் மாற்றிப் போட முடியுமா?

போக விரும்புவோருக்கு

பிள்ளைகளை அழைத்துச் செல்ல நினைக்கும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். சரக்கு விமானத்துக்குக் கால அட்டவணை கிடையாது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் வராமல் போகலாம். அதனால் பொறுமையும் குடையும் தண்ணீரும் முக்கியம். காலையில் போவது நல்லது. பிற்பகலில் இடியும் மழையும் வந்துவிடும். பொதுச் சாலையோரத்தில், வாகனங்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் நில்லுங்கள். ஆகாயப் படைத் தளத்தைப் படம் பிடிக்க வேண்டாம். காவலர் வந்து போகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுங்கள். பட்டம் விடுவதோ, பளபளக்கும் விளக்கு அடிப்பதோ கூடவே கூடாது. இறங்கும் விமானத்துக்கு அது ஆபத்து. இரண்டாண்டுக்கு ஒருமுறை லங்காவித் தீவில் நடக்கும் லீமா விமானக் கண்காட்சியில் இத்தகைய விமானங்களைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். தொலைவும் செலவும் அதிகம். ஆனால் பள்ளியும் பெற்றோர் சங்கமும் ஓராண்டு முன்பே சேமிக்கத் தொடங்கினால் முடியாத காரியம் அல்ல.

போகும்போது பிள்ளைகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எத்தனை விமானம், எத்தனை எந்திரம், எத்தனை சக்கரம் என்று எழுதட்டும். எண்ணத் தொடங்குகிற பிள்ளை, அடுத்து ஏன் என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். பள்ளிக்கு அனுப்பிவையுங்கள், நாங்கள் இருக்கிறோம்.

மங்கு துடைத்த கையால் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவர் சொன்ன சொல்லை நான் வகுப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஐம்பது, அறுபது வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அப்படிச் சொல்ல நேரக் கூடாது. பெற்றோரே, அடுத்த முறை கூரைக்கு மேலே அந்த ரீங்காரம் கேட்டால், கையில் இருக்கும் வேலையை ஒரு நிமிடம் நிறுத்திப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பார்க்கட்டும். பார்த்து முடித்ததும், "இதைப் பழுது பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதை நீயும் செய்யலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.